ஏணி சுமந்தவனுக்கு முகம் வைப்பது

ஒரு போரைச் சிறிதாக்கிக் காட்டுவது, அந்தப் போரை யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிற காரியம். டயோரமா என்ற சொல் 1822-இல் பாரிசில் தாகேர் தொடங்கிய ஒளிக்காட்சி அரங்கிலிருந்து வந்தது. நிலம், கட்டடம், மனித உருவங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் சுருக்கி அமைத்த காட்சிக்கு இன்று அந்தப் பெயர். நமக்கு இது அந்நியமில்லை. கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்கப்போட்டு ‘பார்க்’ கட்டுகிற வீடுகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஆனால் கொலுவுக்கு அளவுகோல் கிடையாது. செட்டியார் பொம்மை கோபுரத்தைவிடப் பெரிசாக உட்கார்ந்திருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். டயோரமாவில் கேட்பார்கள். எது பெரிது, எது சிறிது, எது சட்டகத்துக்கு வெளியே என்ற கேள்விகள் அங்கே தச்சுவேலைக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் அரசியல் கேள்விகளே.

ஓசூர் சிப்காட்டில் டூல்ரூம் வேலை பார்க்கிற நாங்கள் நாலு பேர், ஷிப்ட் போக மிச்ச நேரத்தில், 1791 நவம்பர் 7 இரவு கிருஷ்ணகிரிக் கோட்டையில் நடந்ததைச் செய்யத் தொடங்கினோம். மூன்றாம் மைசூர்ப் போர் (1790–92). அந்த வருஷம் மார்ச்சில் பெங்களூர் கம்பெனிப் படையிடம் விழுந்தது; ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் போயின. பாராமகாலில் கிருஷ்ணகிரி மட்டும் திப்புவின் ஆட்கள் கையில் நின்றது. கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இரவில் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டு, அதே வேகத்தில் ஏணிகளோடு மேல்கோட்டைக்கு ஏறப்பார்த்தது. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, தூக்கிவந்தவர்கள் நசுங்கினார்கள். கம்பெனி திரும்பிப் போயிற்று. பிறகு 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலோடு கிருஷ்ணகிரியும் சண்டையில்லாமலே கைமாறியது. பாடப்புத்தகத்துக்கு இது ஒரு வரிகூடப் பெறாத நிகழ்ச்சி.

முதல் சிக்கல் மலை. நாங்கள் எடுத்தது 1:35 அளவுகோல். ஐந்தரை அடி ஆள் ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் ஆகிறான். முகத்தில் ஏதாவது செய்ய இதற்குக் குறைந்தால் முடியாது. மலையை 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் இந்த அளவுகோலில் கிட்டத்தட்ட 6 மீட்டர் வருகிறது. எந்த வாடகை வீட்டில் வைப்பது? மலை முழுவதும் வேண்டும் என்றால் மனிதர்கள் அரிசியளவு ஆகிவிடுவார்கள். மனிதர்கள் வேண்டும் என்றால் மலையை வெட்டியாக வேண்டும். நாங்கள் மலையை வெட்டினோம். மேல்கோட்டைச் சுவரின் ஒரு துண்டு, அதன் கீழே வழுக்குப் பாறை, அடிவாரத்தில் நாலு சாண் நிலம். அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தேர்வைச் செய்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய லெப்டினன்ட். 1830-இல் ராணுவத் தலைமையின் உத்தரவின் பேரில் வாட்டர்லூ களத்தில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் அணி எங்கே நின்றது, என்ன பயிர் இருந்தது என்று கேட்டார். 1838-இல் லண்டனில் மாதிரியைக் காட்சிக்கு வைத்தபோது அதில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட உலோகப் பொம்மைகள். வெலிங்டனுக்கு அது பிடிக்கவில்லை. பிரஷ்யப் படை நிற்கிற இடத்தைப் பார்த்தால் வெற்றியில் அவர்களுக்குப் பெரிய பங்கு போய்விடுகிறது என்பது பிரச்சினை. கடைசியில் சைபோர்ன் பிரஷ்யர்களைக் குறைத்து மாற்றியமைத்தார். பொம்மையை நகர்த்தினால் வரலாறு நகர்கிறது என்பதற்கு இதைவிட அப்பட்டமான சாட்சியம் எனக்குத் தெரியாது. (இதே வெலிங்டன்தான் 1799-இல் கர்னல் வெல்லெஸ்லியாக நம்ம ராயக்கோட்டைப் பக்கமாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர்.) ஆனால் இந்தச் சர்ச்சையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: சைபோர்னின் கடிதங்கள் போனது அதிகாரிகளுக்கு. எழுபதாயிரம் பேரில் சிப்பாயாக நின்றவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலிருந்து பார்த்தால் அவன் ஒரு புள்ளி. புள்ளியிடம் என்ன கேட்பது?

மேசைமேல் வைத்த டயோரமாவைப் பார்க்கிற எல்லோரும் குனிந்துதான் பார்க்கிறோம். அது தளபதியின் கண். கீழே யார் செத்தாலும் அணிவகுப்பு அழகாகத் தெரிகிற உயரம். எங்கள் பலகையைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பொருத்தினோம். நின்று பார்க்கிறவருடைய கண்ணுக்கு அடிவாரம் நேராக வருகிறது, கோட்டைச் சுவர் தலைக்கு மேலே. உருண்டுவருகிற கல்லை அண்ணாந்துதான் பார்க்க முடியும். செலவில்லாத வேலை; நாலு ஆங்கிள் கட்டை, எட்டு போல்ட்.

உருவங்களைக் கையால் செய்தது ஆசைக்காக அல்ல. அச்சில் வார்த்த பொம்மைகள் வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரன் கிடைப்பான், புலிவரிச் சட்டை போட்ட திப்புவின் சிப்பாயும் தேடினால் கிடைப்பான். ஏணி சுமக்கிறவன் கிடைக்கமாட்டான். மாட்டுக்காரன், டோலி தூக்குகிறவன், தானிய மூட்டைகளை எருதுகள்மேல் ஏற்றிப் படைக்குப் பின்னாலேயே நடந்த லம்பாடிப் பெண் கிடைக்கமாட்டார்கள். அந்தக் காலத்துப் படைகளில் துப்பாக்கி பிடித்தவர்களைவிட இப்படிக் கூடவந்தவர்கள் பல மடங்கு. லம்பாடிகள் கொண்டுவந்த தானியம் இல்லாமல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருக்க முடியாது. சந்தை யாரை வார்க்கிறது, யாரை விடுகிறது என்பதும் ஒரு வரலாற்றெழுத்தே.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பழைய மோட்டாரிலிருந்து பிரித்த வைண்டிங் கம்பியில் எலும்புக்கூடு. முதலில் கம்பியிலேயே நிற்கிற விதம் சரியாக வரவேண்டும். சுமை எந்தத் தோளில், எந்தக் கால் தாங்குகிறது என்பது கம்பியில் பொய்யானால் மேலே எவ்வளவு பூசினாலும் பொய்தான். மேலே எம்-சீல். இரண்டு களியையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்தால் கொஞ்ச நேரம் வேலைக்கு ஏற்ற பதத்தில் இருக்கும். கையுறை போடாமல் தினமும் பிசைந்தால் தோல் அரிக்கும். முதல் நாள் உடம்பு மட்டும், நிர்வாணமாக. அது இறுகிய பிறகு துணி. சேர்த்துச் செய்தால் துணிக்குள் ஆள் இல்லாமல் போய்விடுவான். கருவிகள்: தையல் ஊசி, சீவிய மூங்கில் குச்சி, ஒட்டாமலிருக்கத் தண்ணீர்.

மாடுதான் எங்களை அதிகம் படுத்தியது. ஐரோப்பிய எருதுக்குத் திமில் கிடையாது. பீரங்கி இழுப்பதற்கென்றே மைசூர் அரசு வளர்த்த அமிர்தமகால் மாட்டின் கொம்பு பின்னோக்கிச் சாய்ந்து நீண்டு போகும். நம் பக்கத்து ஆலம்பாடிக்கும் அதே சாயல். சந்தைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து மூன்று தடவை செய்தோம்.

முகம். 48 மில்லிமீட்டர் உடம்பில் தலை 6 மில்லிமீட்டர். மூக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த அளவில் முகம் என்பது நிழல்தான்: இரண்டு கண்குழி, மூக்கின் கீழ் ஒரு கோடு, தாடை. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். ஒருவரையொருவர் பார்த்துத்தான் செய்தோம். ஏணி முன்முனையைத் தூக்குகிறவனுக்கு எங்களில் மூத்தவருடைய தாடை இருக்கிறது.

பார்க்க வந்த அப்ரண்டிஸ் பையன் கேட்டான்: “இதுல நம்ம ஆளு யாருண்ணா?”

எல்லைப்புறத்தில் இந்தக் கேள்விக்குக் கைவசம் இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் ரெடிமேட். திப்பு நம்ம ஆள், அல்லது திப்பு நம்ம ஆள் இல்லை. களத்தில் பதில் அப்படி வரவில்லை. கம்பெனியின் மெட்ராஸ் படையில் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். ஏணி, கோடாரி, மண்வெட்டி என்று வேலை செய்ய 1780-இல் சேர்க்கப்பட்ட மெட்ராஸ் பயனியர்களின் வாரிசுப் படை இன்று பெங்களூரில் இருக்கிறது; ராணுவத்தில் அவர்களை ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். மேலே கோட்டைக்குள் இருந்தவர்களும் சந்திரமண்டலத்து ஆட்களில்லை. கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் கலந்து பேசுகிற, இன்றைய ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நாம் கேட்கிற அதே வாய்கள். “கல்லு உருட்டுறவனும் தம்பிதான், அடிபடுறவனும் தம்பிதான்” என்றார் மூத்தவர். பையனுக்கு அது திருப்தியாக இல்லை. எனக்கும் முழுசாக இல்லை. கூலிக்கு ஏறியவனையும் ஊரைக் காத்து நின்றவனையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அதே சமயம் காத்தவன் காத்தது ஊரையா, அரசின் வரிக்கிடங்கையா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

இந்த மண்ணுக்குப் போர் உருவம் செய்யத் தெரியாமலில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். வில்லும் குறுவாளுமாக ஒருவன், உடம்பில் தைத்த அம்புகள், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறு மீட்கையில் பட்டான் என்ற செய்தி, பெயர். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லில், மகேந்திரவர்மன் காலத்தில், கள்வர் இருவரைக் கடித்த நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து நடந்த சண்டைகளின் ஆவணங்களில் ஐரோப்பிய அதிகாரிகள் பெயரோடு செத்தார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாகச் செத்தார்கள், ஏணி சுமந்த கூலிகள் பல இடங்களில் எண்ணிக்கையாகக்கூட இல்லை. நடுகல்லை ரொமான்டிசைஸ் செய்யவேண்டியதில்லை. அதிலும் சாதி உண்டு, தலைவன் உண்டு, பெண்கள் பெரும்பாலும் மேலுலகம் கூட்டிப்போகிறவர்களாகவே வருகிறார்கள். ஆனால் அது குனிந்து பார்க்கிற கலை அல்ல. கல் நம் முன்னால் நிற்கிறது.

உருவங்களுக்குக் கற்பனைப் பெயர் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டோம். பெயர்ப்பலகையில் தேதி, இடம் மட்டும். ஆட்களுக்கு நேரே வெற்றுப் பித்தளைத் தகடு.

இப்போது பாக்கி இருப்பது மேலே கல் உருட்டுகிறவன் ஒருவன்தான். புலிவரிச் சட்டை போட்டால் பார்த்தவுடன் திப்புவின் ஆள் என்று தெரியும், போட்டோவுக்கும் எடுப்பாக இருக்கும். மைசூர்க் கோட்டைகளில் சம்பளச் சிப்பாயோடு கந்தாச்சார் என்ற உள்ளூர்க் காவல் ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கு உடுப்பு கிடையாது. நாங்கள் முண்டாசும் கோவணமும் வைத்திருக்கிறோம். முகம் இந்த ஞாயிற்றுக்கிழமை.