படுவான்கரைக்கு வரும் ஒரு சொட்டு இரத்தம்

படுவான்கரையின் மண்டூரில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவருக்குச் சோதனைக்கு இரத்தம் கொடுப்பது ஒரு நாள் வேலை. சீனி வருத்தக்காரருக்கு அந்த அலைச்சல் குறைவு. விரலில் குத்தினால் திண்ணையிலேயே அளவு தெரியும். எலும்புக்கும் அப்படியொரு கருவி வந்தால் என்ன?

வந்துகொண்டுதான் இருக்கிறது. விரல்நுனி இரத்தத்தில் விற்றமின் டி பார்க்கும் சிறு கருவிகள் வெளிநாட்டுச் சந்தைகளில் உண்டு. எலும்புத் தேய்வைக் கண்டுபிடிப்பது இவற்றின் வேலையல்ல, அதற்கு டெக்சா ஸ்கான் வேண்டும். இரத்தம் சொல்வது எலும்புக்குப் போதிய சத்து கிடைக்கிறதா, எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைத்தான்.

கருவி சொல்வதை எப்படி நம்புவது? ஆய்வுகூட முடிவோடு ‘நன்றாக ஒத்துப்போகிறது’ என்பார்கள் விற்பவர்கள். இந்தச் சொல்லில்தான் ஏமாற்று. எல்லோருக்கும் 5 கூட்டிக் காட்டும் கருவியும் ஆய்வுகூடத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஒட்டுறவுக் கணக்கில் முழுப் புள்ளி வாங்கிவிடும். ஆனால் விற்றமின் டி 18 நனோகிராம் உள்ள அம்மாவுக்கு அது 23 என்று காட்டும். 20க்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்பது பலரும் கொள்ளும் எல்லை. அம்மா மருந்தில்லாமல் வீடு திரும்புவார். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இருவர் 1986இல் ‘லான்செட்’ இதழில் சொன்னது இதைத்தான்: ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுகளுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சீனிக் கருவிக்கு ஐஎஸ்ஓ 15197 விதிக்கும் கட்டுப்பாடும் அந்த வகைதான்: 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூறில் 95 முடிவுகள் 15 வீதத்துக்குள் நிற்க வேண்டும்.

விரல் இரத்தத்துக்கு வேறு குணங்களும் உண்டு. விற்றமின் டி இருப்பது பெரும்பாலும் இரத்த நீரில், சிவப்பணுக்களில் அல்ல. இரத்தசோகைக்காரரின் சொட்டில் நீர்ப்பங்கு கூடுதல். அதைக் கணக்கில் எடுக்காத கருவி தவறிவிடும். சொட்டு வரவில்லையென்று விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்துவிடும்.

எலும்பு கரைவதைக் காட்டும் சிடிஎக்ஸ் இன்னும் சிணுங்கி. விடியற்காலையில் உயர்ந்து பகலில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் வெறும் வயிற்றில் காலையிலேயே எடுக்க வேண்டும். முதல் பாதையைத் தவறவிட்டு, வழியில் இடியப்பம் சாப்பிட்டுப் பத்து மணிக்கு வந்தவரின் எலும்பு, உள்ளதைவிட நிதானமாகக் கரைவதாகத் தோன்றும். அளவை வீட்டுக்கே கொண்டுபோவதன் பெரிய லாபம் இங்கேதான் என்பேன்.

ஆனால் கருவியைச் சோதித்துப் பார்ப்பதும் வீட்டருகில்தான் நடக்க வேண்டும். குளிரூட்டிய கொழும்பு ஆய்வுகூடத்தில் தேறிய கருவியைப் படுவான்கரையின் மின்விசிறி மட்டுமுள்ள ஒரு கிளினிக்கில், வெயில் உச்சியில் வைத்துப் பாருங்கள். குத்துவது குடும்பநல உத்தியோகத்தராக இருக்கட்டும். அதே ஆளின் நாளத்து இரத்தம் ஐஸ் பெட்டியில், அதே பாதையில் ஏறி ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.