சமதரைச் சாலையும் சைக்கிளோட்டியின் கழுத்தும்

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ பக்கம் போனாலும் தெலுக் இந்தான் பக்கம் போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பெர்ணம் ஆற்றை ஒட்டிய சமவெளி. இருபுறமும் செம்பனை, இடையிடையே தென்னை. மலைப்பாதை இல்லாததால் சைக்கிளோட்ட உடம்புக்குச் சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். கால்களுக்கு அது சரிதான், கழுத்துக்குச் சரியல்ல. ஏற்றம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து மிதிப்போம், கையை மாற்றிப் பிடிப்போம். சமதரையில், அதிலும் எதிர்காற்று வீசும்போது, குனிந்த உடம்பு ஒரு மணி நேரமானாலும் குனிந்தபடியே இருக்கிறது. கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்வதற்கு முதல் காரணம் இந்த அசையாமைதான்.

வலி எப்படி உண்டாகிறது

தலையின் எடை சுமார் 5 கிலோ, கடையில் வாங்கும் சின்ன அரிசிப் பை அளவு. நிமிர்ந்து நிற்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. ரோடு பைக்கில் முன்னால் சாய்ந்ததும் அந்தப் பாரம் பின்கழுத்துத் தசைகளின் மேல் இறங்குகிறது. சாலையைப் பார்க்க முகத்தையும் தூக்கியே வைத்திருக்க வேண்டும். ஓய்வில்லாமல் இறுகிய தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. எரிச்சலும் வலியும் தொடங்கி, சிலருக்குப் பின்மண்டை வரை ஏறுகிறது.

இதன் உச்சத்தை அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' போட்டியில் பார்த்திருக்கிறார்கள். தூரம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். 1983-இல் அதில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசைகள் முற்றிலும் ஓய்ந்து, தலையைத் தூக்கவே முடியாமல் போனது. இன்றும் அந்த நிலையை 'ஷெர்மர் கழுத்து' என்றே அழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுகிறவருக்கு அது வரப்போவதில்லை. என்றாலும் வேலை செய்வது அதே தசைகள்தான்.

நம் பகுதியில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட கழியில் அரிவாளைப் பொருத்திச் செம்பனைக் குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்தே வேலை செய்கிறார். லாரி ஓட்டுகிறவர் குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி. இப்படி வாரம் முழுக்க உழைத்த கழுத்தோடு சைக்கிளில் ஏறினால் வலி சீக்கிரமே வந்துவிடும். அதற்காக அவர்களை ஓட்ட வேண்டாம் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சைக்கிளைச் சரிசெய்யச் சொல்வதே நியாயம்.

முதலில் சைக்கிளைக் கவனியுங்கள்

பலர் பழைய ரோடு பைக்கைக் கைமாற்றாக வாங்குகிறார்கள். அது வேறொருவரின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் அமைத்த வண்டி. பிரேக் பிடிமேல் கை வைத்தால் முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் ஹேண்டில்பார் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கடையில் சொல்லி ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றலாம், அல்லது அதன் அடியில் ஸ்பேசர் வளையம் வைத்து ஹேண்டில்பாரை உயர்த்தலாம். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் மாற்றமே பலருக்குப் போதும். போட்டி வீரர்களைப் பார்த்துத் தாழ்த்தி வைப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

சீட்டின் முனை கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கைகளும் தோள்களும் ஓயாமல் உந்திக்கொண்டே இருக்கும். கழுத்துவலிக்காரர்கள் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. டயரில் காற்றைக் கல்லாக அடைத்தால் தோட்டச் சாலையின் ஒவ்வொரு குழியும் தோளில் வந்து இடிக்கும். சற்று அகலமான 28 மில்லிமீட்டர் டயர் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹெல்மெட்டின் முன்விளிம்போ மூக்கில் வழுக்கும் கண்ணாடியோ பார்வையை மறைத்தால் தலையை இன்னும் தூக்க வேண்டிவரும். நாற்பதைத் தாண்டியவர்கள் அணியும் இரட்டைப் பார்வைக் கண்ணாடியும் இப்படித்தான் தொல்லை தரும். ஓட்டுவதற்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

குலை ஏற்றிய லாரி பின்னால் வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. கழுத்து பிடித்தவர் திரும்பிப் பார்க்கவே தயங்குவார், ஆபத்து அங்கேதான். ஹேண்டில்பாரின் வலது முனையில் சிறு கண்ணாடி மாட்டிக்கொண்டால் அடிக்கடி திரும்பும் சிரமம் குறையும். ஆனாலும் சாலையைக் கடக்குமுன் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஓட்டும்போதும் வீட்டிலும்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுங்கள். காதருகே ஏறிய தோள்களை மூச்சை விட்டபடி இறக்குங்கள். ஏற்றம் இல்லாவிட்டாலும் சீட்டை விட்டு எழுந்து நாலைந்து சுற்று மிதியுங்கள். தண்ணீரும் பொருள்களும் முதுகுப்பையில் வேண்டாம்.

வீட்டில் மூன்று பயிற்சிகள் போதும். நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல் மோவாயை மட்டும் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துவது. இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கிப் பிடிப்பது. சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது. ஒவ்வொன்றும் பத்து முறை, நாள்தோறும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள். அந்த வேகத்தில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதுண்டு. அரிதுதான், ஆனால் வந்தபின் மீட்பது கடினம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கவும் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போவது

வலி கைக்கு இறங்கினால், விரல் மரத்தால், பிடி தளர்ந்தால், நடை தடுமாறினால், விழுந்தபின் கழுத்து வலித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் காத்திருக்க வேண்டாம். மிதிக்கும்போது நெஞ்சு இறுகி, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவினால் அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியாமல் தோள் மெல்ல மெல்ல இறுகினால் 'உறைந்த தோள்' ஆக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆகவே தோளோடு சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போகும்போது, நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள். எத்தனையாவது கிலோமீட்டரில் வலி தொடங்குகிறது, எந்த விரல் மரக்கிறது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் பெரும்பாலும் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது. கட்டை விரல் பக்கம் என்றால் கழுத்தெலும்பையும் மணிக்கட்டையும் சோதிப்பார்கள்.