உங்களுக்குத் தெரியுமா? போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி!
திருக்காட்டுப்பள்ளிக்காரர்கள் சிங்கப்பூர் போகத் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். வான்வழி ஏறக்குறைய 3,000 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் 4 மணி. ஆனால் டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களைக் கழித்தால், போக ஆறரை மணி, திரும்ப ஒன்றரை மணி என்று வரும். காற்றின் வேலை என்பார்கள் சிலர். காற்று ஓரளவு உதவும், தடுக்கும். ஆனால் ஐந்து மணி வித்தியாசத்தை அது உண்டாக்கவே முடியாது. நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடும் சிங்கப்பூர்க் கடிகாரமே காரணம்.

அங்கே சூரியன் முன்னதாக உதிப்பதால்தானே என்று கேட்கலாம். தீர்க்கரேகைக் கணக்கில் சூரியன் முந்துவது சுமார் 1 மணி 40 நிமிடம்தான். மீதி மனிதர் வகுத்தது: 1982 தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது, அதுவரை வித்தியாசம் இரண்டு மணிதான். உண்மையான பயண நேரம் வேண்டுமா? ஆறரையையும் ஒன்றரையையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.