மலையுச்சி தீவான கதை

மலைநாட்டில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேருகிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கத்துத் தண்ணீர் கிரிந்தி ஓயாவில் சேர்ந்து, வெல்லவாய வழியாக லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமை மலைகளில் விழும் தண்ணீர் கல்லோயாவாகிறது. கிழக்கு மாகாண மக்கள் அதைப் பட்டிப்பளை ஆறு என்பார்கள். அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டியதே சேனாநாயக்க சமுத்திரம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக உருவான இக்குளம் சுமார் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியது. இலங்கையில் இதனிலும் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது.

தண்ணீர் ஏறியபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின. குன்றுகளின் உச்சிகள் மாத்திரம் வெளியே நின்றன. இன்று அங்கே படகில் போகிறவர்கள் காணும் தீவுகள் யாவும் அப்படி நின்றுபோன குன்றுகளே. அவற்றில் ஒன்றைப் பறவைத் தீவு என்கிறார்கள். பாறையும் புதரும் சில மரங்களும் கொண்ட சிறிய இடம் அது. நீர்க்காகங்களும் கொக்கு, நாரை இனங்களும் அங்கே கூடு கட்டுகின்றன.

இவ்வளவு பெரிய காடு கரையில் இருக்கையில், பறவைகள் இந்தச் சிறு திட்டுக்கு ஏன் போகின்றன? விடை எளிது. நரியும் காட்டுப் பூனையும் உடும்பும் கரையில் உண்டு. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை தீவிலுள்ள முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்துக் குறைவு. இரையோ சுற்றிலும் நீந்துகிறது. பறவையின் எச்சம் தண்ணீரில் விழுந்து பாசியை வளர்க்கிறது. பாசியை உண்டு மீன் வளர்கிறது. அந்த மீனைப் பறவையும் பிடிக்கிறது, தோணிக்காரரும் பிடிக்கிறார்.

இதன் பெறுமதியைத் தமிழ்நாட்டு வேடந்தாங்கல் விவசாயிகள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். ஏரியில் நிற்கும் மரங்களில் பறவைகள் தங்குவதால் அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைகிறது என்பது அவர்கள் அனுபவம். வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு வேட்டைக்கு வந்தபோது அவ்வூரார் மாவட்டக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798 அளவிலேயே பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றுக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. பெரிய சட்டம் ஏதும் வருமுன்னர், உரம் வேண்டிய உழவர் செய்த காரியம் இது.

இங்கே சட்டம் 1954இல் வந்தது. குளத்தையும் அதன் நீரேந்து காட்டையும் சேர்த்துக் கல்லோயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும், அதாவது நம் வைத்தியர்கள் திரிபலா என்று சேர்க்கும் மூன்றும், இப்பூங்காவின் புல்வெளிக் காட்டில் விளைகின்றன. புல் தேடி யானைகள் தும்பிக்கையை நீருக்கு மேலே நீட்டியபடி தீவுக்குத் தீவு நீந்திச் செல்கின்றன. இந்தக் காட்சியைக் காணவே வெளிநாட்டார் வருகிறார்கள்.

ஆனால் இக்கதையில் மனிதரும் இருக்கிறார்கள். தானிகலை, ஹேனேபெத்த ஆகிய இடங்களில் வாழ்ந்த வேடர் குடிகளின் வேட்டைக் காடு தண்ணீருக்கும் பூங்காவுக்குமாகப் போனது. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் பூங்காவின் ஓரத்திலுள்ள ரத்துகல கிராமத்தில் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்த இடத்துக்குள் அனுமதி கேட்டுப் போகவேண்டிய நிலை எப்படிப்பட்டது என்பதை, 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை மீரியபெத்தவில் லயன்களை மண் மூடியதைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. போவதற்கு வேறு காணி மாத்திரம் இருக்கவில்லை. பறவைக்கு எல்லைக்கல் நாட்டத் தெரிந்த நாட்டில், இருநூறு வருடம் அந்நாட்டுக்கு உழைத்தவனுக்கு 7 பேர்ச் அளந்து கொடுக்க ஏன் இத்தனை காலம் சென்றது என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். எனினும் அதற்குப் பரிகாரம் எல்லைக்கல்லைப் பிடுங்குவதல்ல என்பது எமது எண்ணம்.

ஏனெனில் தீவைக் காப்பது என்பது தீவை மட்டும் காப்பதன்று. பனாமாக் கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது அங்கும் ஒரு மலையுச்சி தீவாயிற்று. பாரோ கொலராடோ என்ற அத்தீவை 1923இலேயே ஒதுக்கிப் பாதுகாத்தார்கள். அது பறவைத் தீவைப் போலச் சிறியதுமல்ல. 1,500 ஹெக்டேயர் இருக்கும். அப்படியிருந்தும் காலப்போக்கில் பல பறவையினங்கள் அங்கே அற்றுப்போயின. தரையோடு தொடர்பு அறுந்த துண்டு நிலத்தில் ஓர் இனம் குறைந்தால், அதை ஈடுசெய்ய வெளியிலிருந்து புதியவை வருவது அரிது. பின்னர் சுற்றியுள்ள தீபகற்பங்களையும் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்லோயாவிலும் தீவின் சுகம் கரையிலும் மலையிலுந்தான் இருக்கிறது. சேனாநாயக்க சமுத்திரம் வயலுக்காகக் கட்டிய குளம். வடகீழ்ப் பருவமழை பொய்த்து, நீர்மட்டம் மிக இறங்கினால், கரையோரத் திட்டுகள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நரி கால் நனையாமல் போய்வரலாம். மாடும் எருமையும் போகும். அவற்றின் சாணத்தில் வேண்டாத செடிகளின் விதையும் போகும். உன்னிச்செடி ஒருமுறை மூண்டுவிட்டால் புல்லை வளரவிடாது. புல் கிடைக்காத யானை எங்கே வரும் என்று சோளச்சேனை காவல் காத்தவர்களைக் கேளுங்கள்.

மனிதன் நேரே செய்யும் கேடுகளும் உண்டு. படம் பிடிக்கும் ஆசையில் படகைக் கூட்டின் கீழேயே கொண்டுபோய் நிறுத்தினால் தாய்ப்பறவைகள் ஒருமிக்க எழும்பிவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் காகமும் கழுகும் முட்டையைத் தூக்கும். தூக்காவிட்டாலும் உச்சி வெயில் சின்னக் குஞ்சைக் கொன்றுவிடும். தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தினால் போதும். செலவில்லாத பாதுகாப்பு இது. அறுந்த தங்கூசி வலையைத் தண்ணீரில் விட்டுவருவது இன்னொரு கேடு. அது உக்குவதில்லை. முக்குளிக்கும் நீர்க்காகம் அதில் மாட்டிக்கொண்டால் மீளாது.

மலையிலிருக்கும் நமக்குள்ள பங்கு மண். கான் தூர்ந்த சரிவில் மழைநீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். அந்த மண் ஆற்றில் இறங்கி, கீழேயுள்ள குளத்தின் அடியில் படிகிறது. படிந்த அளவுக்குக் குளத்தின் கொள்ளளவு குறைகிறது. ஆகவே கோடையில் தண்ணீர் விரைவில் வற்றுகிறது. தோட்டத்தில் முன்பு கான் வெட்டுவது தனி வேலையாகவே இருந்தது. ஆட்குறைப்பில் முதலில் கைவிடப்பட்டதும் பல இடங்களில் அந்த வேலைதான். இது கீழ்நாட்டுப் பறவைக்காக மட்டும் சொல்வதன்று. கானில் போகவேண்டிய தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி ஊறும்போதே சரிவு நழுவத் தொடங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் இதைக் கண்டது. புதிய வீட்டைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே மானாப் புல்லையோ வெட்டிவேரையோ வரிசையாக நடுவதும், கானை மழைக்கு முன் துப்புரவாக்குவதும் ஒரு குடும்பத்தால் செய்யக்கூடியவையே. முழு மலையின் கானும் குடும்பத்தின் பொறுப்பல்ல. அதைத் தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு விடயம். இடம்பெயர்ந்தோருக்கு வேறிடத்தில் காணி தருவதாகப் பேச்சு வரும்போது, அக்காணி பூங்காவின் எல்லைக்குள்ளோ குளத்தின் ஒதுக்கு நிலத்திலோ அமையவில்லை என்பதைப் பிரதேச செயலகத்தில் வரைபடத்தைக் காட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே நட்ட பயிருக்கு உறுதியும் கிடையாது, நட்டஈடும் கிடையாது. வரைபடத்தில் எல்லைக்கோடு தெளிவில்லாவிட்டால், நில அளவையாளர் வந்து கல் நாட்டும்வரை கையொப்பமிட வேண்டாம்.