ரத்தத்தில் கீட்டோன்: உடலில் பிறப்பதும் பொட்டலத்தில் வருவதும்

விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த நாள்களில் எங்கள் பள்ளியின் பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் பளபளப்பான பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "சார், இதத் தண்ணியில கலந்து குடிச்சா மூச்சு வாங்காம ஓடலாமாம். குடிக்கட்டுமா?" அவருடைய அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறார். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, மாலையில் ஜிம்முக்குப் போகிறவர். பொட்டலம் அந்த வழியாகப் பள்ளிப்பட்டுக்கு வந்திருக்கிறது. அடுத்த சில நாள்களில் சக ஆசிரியை ஒருவர் இதே வகைப் பொடியைப் பற்றி வேறொரு கேள்வி கேட்டார்: "சார், இது எடையைக் குறைக்குமாமே?"

இரண்டு கேள்விக்கும் நடுவில் நின்ற சொல் ஒன்றுதான்: கீட்டோன். அறிவியல் ஆசிரியர் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. ஆனால் இந்தச் சொல்லைப் பற்றி எல்லாப் பாட ஆசிரியர்களும் ஓரளவு தெரிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. உடனே தேவைப்படாத ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. வளர்ந்தவர் ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை. ஆகவே பட்டினி நீண்டால் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது உடல் கொழுப்பை உடைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலங்கள் மூளைக்குள் எளிதில் நுழைந்து எரிபொருளாக மாட்டா. எனவே கல்லீரல் அவற்றை மூளைக்கு ஏற்ற சிறு மூலக்கூறுகளாக மாற்றி அனுப்புகிறது. அசிட்டோ அசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட், அசிட்டோன் ஆகிய இந்த மூன்றையும் கீட்டோன் பொருள்கள் என்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கார்பனைல் சேர்மங்கள் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு சிறு புதிர். பொட்டலத்தில் விற்கப்படுவது பெரும்பாலும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். அதன் அமைப்பை வரைந்து பார்த்தால் கீட்டோன் தொகுதியே இருக்காது. அது ஒரு ஹைட்ராக்சி அமிலம். மற்ற இரண்டோடும் உறவு என்பதால் மருத்துவ உலகில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைக் கரும்பலகையில் வரையச் சொன்னால் வகுப்பு கலகலப்பாகிவிடும்.

பட்டினியில் மூளை கீட்டோனை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை 1967-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹில் குழுவினர் அளந்து காட்டினார்கள். மருத்துவக் கண்காணிப்பில் ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த பருமனான மூவரின் மூளை, தன் எரிபொருளில் பெரும்பங்கைக் கீட்டோன்களிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தது. பஞ்சத்திலும் மனித இனம் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஆகவே கீட்டோன் நஞ்சு அன்று. விரதம் இருப்பவருக்கும் காலையில் சாப்பிடாமல் வருபவருக்கும் ரத்தத்தில் அது சற்று உயரத்தான் செய்யும்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கடிவாளம் உண்டு. அதுதான் இன்சுலின். இன்சுலின் சிறிதளவு இருந்தாலும் கொழுப்பு உடைவதையும் கீட்டோன் உருவாவதையும் ஓர் அளவுக்குள் நிறுத்திவைக்கும். இயல்பான அளவு லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்குக் கீழே. மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்கு 0.5 முதல் 3 வரை போகும். இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவில் கடிவாளம் அறுந்துவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை வழிந்தும் செல்கள் பட்டினி கிடக்கின்றன. கல்லீரல் நிறுத்தாமல் கீட்டோனை ஊற்றுகிறது. கீட்டோன் பொருள்களில் இரண்டு அமிலங்கள் என்பதால், 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டிய ரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.3-க்கும் கீழே இறங்குகிறது. மருத்துவர்கள் இதைக் கீட்டோ அசிடோசிஸ் என்கிறார்கள். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகும்.

பத்தாம் வகுப்பு ஹார்மோன்கள் பாடத்தில் இன்சுலின் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்லும்போது நான் லெனார்ட் தாம்சனைக் கட்டாயம் அறிமுகப்படுத்துவேன். கனடாவின் டொரன்டோ மருத்துவமனையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போல. 1922 ஜனவரி 11 அன்று அவனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. மேலும் தூய்மையாக்கிய இன்சுலினை ஜனவரி 23 முதல் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது. சிறுநீரிலிருந்து கீட்டோன்களும் மறைந்தன. அவன் உடலில் கீட்டோனுக்குக் குறைவே இருந்ததில்லை. அது மறைந்த பிறகுதான் பிழைத்தான்.

இதற்கு நேர் எதிரான பயன்பாடும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான் தொடங்கியது. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், கொழுப்பு மிகுந்த உணவால் கீட்டோனை உயர்த்தி வலிப்பு நோயைக் கட்டுப்படுத்தலாம் என்றார். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு கொண்ட 2 முதல் 14 வயதுக் குழந்தைகள் 102 பேரிடம் இவ்வகை உணவுமுறை ஒன்றைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். மூன்று மாத முடிவில், அந்த உணவை உண்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. வழக்கமான உணவில் இருந்தவர்களில் அது 11.5 விழுக்காடு. ஆனால் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் அருகிலிருந்து அளந்து கொடுக்கும் சிகிச்சை அது. நெய்யும் முட்டையும் கூடுதலாகத் தின்பது என்று யாரும் சுருக்கிக்கொள்ளக் கூடாது.

இனி பொட்டலத்துக்கு வருவோம்.

வெளியிலிருந்து கொடுக்கும் கீட்டோன் இரண்டு வடிவில் வருகிறது. ஒன்று, சோடியம், கால்சியம், மக்னீசியம் போன்றவற்றோடு சேர்ந்த உப்புப் பொடி. இன்னொன்று எஸ்டர் திரவம். விலை அதிகம், கசப்பும் அதிகம். பொடி ரத்தக் கீட்டோனை ஏறத்தாழ 1 மில்லிமோல் வரையிலும், எஸ்டர் 3 வரையிலும் உயர்த்தும். சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். எண் உயர்வது உண்மை. விளம்பரம் அந்த உண்மையிலிருந்து ஒரு தாவு தாவுகிறது: கீட்டோன் உயர்ந்துவிட்டது, ஆகவே கொழுப்பு கரைகிறது என்கிறது.

அடுப்பு எரிந்தால் வீட்டில் புகை வரும். ஊதுபத்தி ஏற்றிப் புகை போட்டால் சோறு வேகுமா? கொழுப்பு உடைந்தால் கீட்டோன் வரும் என்பது சரி. கீட்டோனைக் குடித்தால் கொழுப்பு உடையும் என்பது தலைகீழ்ப் பாடம். உண்மையில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் கொழுப்புச் செல்களில் உள்ள ஓர் ஏற்பியில் அமர்ந்து, கொழுப்பு வெளியேறுவதைக் குறைக்கிறது. போதிய எரிபொருள் இருக்கிறது, கிடங்கைத் திறக்காதே என்று உடலுக்குச் செய்தி போகிறது. போதாக்குறைக்குக் கீட்டோனும் ஓர் எரிபொருள்தான்; கிராமுக்கு 4 கிலோ கலோரிக்குக் குறையாமல் தரும். எடை குறையக் குடிப்பவர் அன்றைய கணக்கில் கலோரியைக் கூட்டிக்கொள்கிறார். ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, "அப்போ காசு மட்டும்தான் குறையும்" என்று சிரித்தார்.

ஓட்டத்துக்கு உதவுமா? 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, எஸ்டர் குடித்த தேர்ந்த வீரர்கள் அரை மணி நேரச் சைக்கிள் சோதனையில் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுதல் தொலைவு சென்றதாக வெளியிட்டது. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் வேறு வகை எஸ்டர் குடித்த தொழில்முறைச் சைக்கிள் வீரர்களின் செயல்திறன் 2 விழுக்காடு குறைந்தது. வயிற்றுக் கோளாறு வேறு. பின்னர் வந்த ஆய்வுகளும் ஒரே திசையில் பேசவில்லை. வட்டாரப் போட்டிக்கு ஓடும் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழமும் நல்ல தூக்கமும் போதும் என்று மாணவரிடம் சொன்னேன். அவருக்கு அது சப்பென்று இருந்தது.

சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சும் ஆதாரமே இல்லாதது அன்று. எஸ்டர் குடித்தபின் குளுக்கோஸ் சோதனை செய்தால் ரத்தச் சர்க்கரை சற்றுக் குறைவாக ஏறுவதைக் கனடாவில் 2018-இல் கண்டார்கள். ஆனால் அது சிலரிடம், சில மணி நேரம் பார்த்த முடிவு. மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாற அது சீட்டு ஆகாது.

பொடியில் நாம் கவனிக்க மறப்பது உப்பு. மாணவர்களைக் கொண்டே கணக்குப் போடவைக்கலாம். சோடியம் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 7, ஆக்சிஜன் 3, சோடியம் 1. கூட்டினால் 48 + 7 + 48 + 23 = 126. அதில் சோடியம் 23. அதாவது 18 விழுக்காடு. அந்த உப்பை மட்டும் 10 கிராம் கரைத்துக் குடித்தால் 1.8 கிராம் சோடியம் உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பு 2 கிராம்! கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கலந்து விற்கும்போது இது குறையும் என்றாலும், ஊறுகாயும் சாம்பாரும் உள்ள நம் சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஆசிரியர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை நம்மில் பலர் உட்கொள்கிறோம். இவற்றை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோ அசிடோசிஸ் வரக்கூடும். பட்டினியும் மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் அந்த ஆபத்தைக் கூட்டும். பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருப்பதைக் காட்டி "அரசாங்கமே அனுமதித்தது" என்பார்கள். அந்த எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்று மட்டுமே சொல்லும்; பொடி பலன் தரும் என்று சொல்லாது.

இனி வகுப்பறை. கீட்டோன் உயர்ந்த இரண்டு வகைக் குழந்தைகள் நம் முன் உட்காரக்கூடும். ஒருவர் காலையில் சாப்பிடாமல் வந்தவர். குழந்தைகளுக்கு உடலளவை ஒப்பிட மூளை பெரிது, கிளைக்கோஜன் கையிருப்பு சிறிது. எனவே பெரியவர்களைவிட விரைவாகக் கீட்டோனுக்குப் போவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கும் விழா 2024 ஜூலை 15 அன்று நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் நடந்தது. ஐந்தாம் வகுப்பு வரை இப்போது கவலை குறைவு. ஆறாம் வகுப்புக்கு மேல், விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறும் பெற்றோரின் பிள்ளைகளிடம் "சாப்பிட்டியாப்பா?" என்று நாம்தான் கேட்க வேண்டும். இவர்களுக்குச் சோறு போட்டால் சரியாகிவிடும்.

இன்னொருவர் முதல் வகை நீரிழிவு உள்ளவர்; பல சமயம் அது இருப்பதே இன்னும் தெரியாதவர். அடிக்கடி தண்ணீர் கேட்பார், அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பார், சில வாரங்களில் சட்டை தொளதொளக்கும். நாம் "பாடத்தைக் கவனிக்காமல் சாக்குச் சொல்கிறான்" என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் சில விநாடிகளில் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். நோய் உறுதியான பிள்ளைக்குக் கழிப்பறை, குடிநீர், இடைவேளைக்கு வெளியே ஒரு வாய் தின்பண்டம், ஊசி போட்டுக்கொள்ள மறைவான இடம் ஆகியவற்றை மறுக்காதீர்கள். சி.பி.எஸ்.இ. 2017-லேயே இத்தகைய மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுசெல்ல அனுமதித்தது. கீட்டோன் நல்லது என்று எங்கோ கேட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்குப் பொடி கொடுக்கவோ இன்சுலினை நிறுத்தவோ பெற்றோர் நினைத்தால், லெனார்டின் கதையைச் சொல்லுங்கள்.

வாந்தி, வயிற்று வலி, ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும் மூச்சு, அதில் பழ வாசனையோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனையோ, சொருகும் கண்கள்: இவை தெரிந்தால் அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டாம். 108-ஐ அழைக்கும்போதே சர்க்கரை நோய் இருப்பதையோ அந்தச் சந்தேகத்தையோ முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்; பிள்ளை கடைசியாக எப்போது ஊசி போட்டது, எப்போது சாப்பிட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.