பாட்டுக்கு இடம் விடும் கிற்றார்

கடந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கர்க்லாண்டில் எமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தினரின் வீட்டிற்குப் போயிருந்தோம். தேநீரும் வடையும் வந்தன. ஊர்ப் புதினங்கள் கதைத்துக்கொண்டிருக்கையில் நிலக்கீழ் அறையிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. வயலினும் அல்ல, வீணையும் அல்ல. யாரோ வாயைத் திறவாமல் மெல்லப் பாடுவது போல இருந்தது.

"அது எங்கடை மூத்தவன். தன்ரை மேசையை மீட்டுறான்," என்றார் தாயார். பெருமை பாதி, சலிப்பு பாதியாக அவரே தொடர்ந்தார்: "ஆறு வருசம் வயலின் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டனாங்கள். பன்னிரண்டு வயதிலை வேண்டாம் எண்டு வைச்சிட்டான். இப்ப வெள்ளைக்காரற்றை மாட்டுக்காரப் பாட்டு!"

தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை.

எமது பிள்ளைகள் எமது கலையை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறார்களே என்ற ஏக்கம் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆகவே வாசகர்களே, அன்று கீழே இறங்கிப் போய் நாம் கண்டதையும் கேட்டதையும், பின்னர் தேடி அறிந்ததையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தாயார் அதை மேசை என்றதில் பிழையில்லை. நான்கு கால்களில் நிற்கும் ஒடுங்கிய நீண்ட பலகை. அதன்மேல் பத்துத் தந்திகள். இதற்குப் பெயர் பெடல் ஸ்டீல் கிற்றார். வாசிப்பவர் கதிரையில் அமர்ந்து, இடக்கையில் உருண்டையான இரும்புத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வைத்து வழுக்குகிறார். வலக்கைப் பெருவிரலிலும் இரண்டு விரல்களிலும் நகம் போன்ற கவசங்களை மாட்டித் தந்திகளை மீட்டுகிறார். இடது கால் மிதிகளை அழுத்துகிறது. முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளுகின்றன. வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதியில் நிற்கிறது. இரண்டு கையும் இரண்டு காலும் இரண்டு முழங்காலும் ஒரே வேளையில் வேலை செய்ய வேண்டும். தம்பி பனி அள்ளியும் கடையில் பகுதிநேரம் நின்றும் சேர்த்த பணத்தில், ஒருவர் பாவித்த பழைய கருவியொன்றை வாங்கியிருக்கிறார்.

தந்தியில் எதையாவது வழுக்கி இசை எழுப்புவது எமக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியத்தைப் பாருங்கள். வீணையைப் போன்ற உருவம், ஆனால் மெட்டுகள் கிடையாது. வழவழப்பான கட்டையொன்றைத் தந்தியில் நகர்த்தியே வாசிப்பர். திருவிடைமருதூர் சகாராம ராவ் இதில் பெரும் வித்துவானாக விளங்கியவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்டவர். தந்தி மீட்டியவரிடம் ஒரு வாய்ப்பாட்டுக்காரர் பாடம் கேட்டார் என்றால், அந்தத் தந்தி எவ்வளவு பாடியிருக்க வேண்டும்!

மேற்கே இந்த முறை ஹவாய்த் தீவுகளிலிருந்து பரவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெக்குக்கு என்ற ஹவாய் இளைஞர் கிற்றாரை மடியில் வைத்து இரும்பால் வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தார். அது அமெரிக்காவுக்குப் போய் 'கன்ட்றி' எனப்படும் அவர்களது நாட்டுப்புறப் பாணிப் பாடல்களில் குடியேறியது. இந்தியாவுக்கும் வந்தது. விஸ்வ மோகன் பட் அதனை இந்துஸ்தானி இசைக்கு ஏற்ப மாற்றி அமைத்து, 1994இல் கிறாமி விருதும் பெற்றார்.

மிதிகள் பின்னர் வந்தவை. தொடக்கத்தில் அவை சுருதிக் கட்டை மாற்றுவதற்கே பயன்பட்டன. வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளிவந்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு சுரம் நிற்க, பக்கத்துச் சுரங்கள் அசைந்து மேலே ஏறின. அந்த ஒலியைக் கேட்ட மற்ற வாத்தியக்காரர்களும் தங்கள் கருவிகளுக்கு மிதி பூட்டத் தொடங்கினார்கள்.

தம்பி அதை எமக்கு வாசித்தே காட்டினார். இரும்பு ஓரிடத்தில் இருக்க, மூன்று தந்திகள் ச-க-ப என்று ஒலித்தன. இரண்டு மிதிகளை அழுத்தினார். ச அசையவில்லை, க நகர்ந்து ம ஆயிற்று, ப நகர்ந்து த ஆயிற்று. "மிதியை டக்கெண்டு அழுத்தினால் அது மெசின். மெல்ல அழுத்தினால்தான் பாட்டு. வயலின் ரீச்சர் சொல்லித் தந்த கமகத்தை நான் இப்பதான் விளங்கிக்கொள்ளுறன்," என்றார். படிக்கட்டில் நின்ற தாயாருக்கு இது கேட்டதா என்று நாம் திரும்பிப் பார்த்தோம். கேட்டிருந்தது.

மாட்டுக்காரப் பாட்டுக்கும் மொன்றியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. கனடாவின் கன்ட்றிப் பாடகர்களில் முன்னோடிகளான இருவர், வில்ஃப் கார்ட்டரும் ஹாங்க் ஸ்னோவும், நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர்கள். இருவரும் தமது முதல் இசைத்தட்டுகளைப் பதிந்தது இந்த மொன்றியல் நகரில், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக. கார்ட்டர் வந்தது 1933இல். ஸ்னோ வந்தது 1936 ஒக்ரோபரில். ஸ்னோ 12 வயதில் வீட்டை விட்டு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போனவர். விட்டு வந்த வீடு, பிரிந்த உறவு, திரும்பாத பயணம் இவைதாம் இந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் பொருள். எம்மவர் காதுக்கு இவை அந்நியமாகப் படாததில் வியப்பில்லை.

சரி, ரசனையோடு வாசிப்பது என்றால் என்ன? தம்பிக்கு நேரில் சொல்லித்தர அயலில் ஒருவரும் அகப்படவில்லை. பழைய இசைத்தட்டுகளே அவருக்கு ஆசிரியர்கள். அவர் பின்பற்றும் முறையைக் கேட்டபோது, எந்த வாத்தியம் பழகும் பிள்ளைக்கும் அது உதவும் என்று எமக்குத் தோன்றியது.

முதலில் கருவியைத் தொடுவதில்லை. பாட்டின் சொற்களை மனப்பாடம் செய்கிறார். பிறகு ஒரு தாளில் அடிகளை எழுதி, ஸ்டீல் எங்கே ஒலிக்கிறது, எங்கே மௌனமாக இருக்கிறது என்று குறிக்கிறார். நல்ல இசைத்தட்டுகளில் பாடகர் பாடும்போது ஸ்டீல் அநேகமாக ஒதுங்கி நிற்கும். அடி முடிந்து அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் மாத்திரம் இரண்டு மூன்று சுரம் சொல்லும். அடுத்த சொல் வருமுன் விலகிவிடும். எங்கள் கச்சேரிகளில் பாடகர் விட்ட இடத்தை வயலின் மெல்லத் தொட்டுக் கொடுப்பது போலத்தான்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டு மட்டும். அதை முதலில் வாயால் பாட வேண்டும். பாட வராததைக் கை வாசிக்காது. அந்தக் காலத்தவர்கள் 33⅓ சுற்று இசைத்தட்டை 16⅔ சுற்றில் ஓடவிட்டுக் கேட்பார்கள். வேகம் பாதியாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். இன்று கணினியில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். வசதி கூடியிருக்கிறது, பொறுமைதான் வேண்டும்.

மூன்றாவது, சுருதி. பலகையில் கோடுகள் வரைந்திருக்கும், ஆனால் அவை அடையாளங்கள் மட்டுமே. இரும்பு ஒரு மயிரிழை தள்ளினாலும் அபசுரம். கண்ணை நம்பாமல் காதை நம்பப் பழக வேண்டும். அபசுரத்தை மறைக்க இரும்பை ஓயாமல் நடுங்கவைப்பது ஆரம்பகாரர் செய்யும் தவறு.

நான்காவது, நிறுத்துவது. மீட்டிய தந்தி தானாக ஓயாது. அடுத்த சுரம் வருமுன் உள்ளங்கையின் ஓரத்தால் அதை அடக்க வேண்டும். ஒரு சுரத்தை எழுப்பப் பழகியதைவிட அடக்கப் பழகவே தனக்கு அதிக நாட்கள் எடுத்தன என்றார்.

எந்தப் பாடல்களைக் கேட்பது என்று கேட்டோம். பக் ஓவன்ஸின் 'டுகெதர் அகெய்ன்' (1964) என்ற பாட்டில் டொம் பிறம்லி வாசித்த பகுதியை முதலில் சொன்னார். மிகச் சிறியது, அவசரமே இல்லை, ஸ்டீல் பழகுவோர் இன்றும் அதைப் பாடமாக எடுக்கிறார்கள். அடுத்து ஜீன் வாட்சன் பாடி 1979இல் வந்த 'ஃபெயார்வெல் பார்ட்டி'யில் லொயிட் கிறீனின் வாசிப்பு. மூன்றாவதாக 'ஸ்லோலி'. மூன்று பாட்டையும் ஒரு வருடம் கேட்டாராம்.

அதுவரை பேசாதிருந்த தகப்பனார் இப்போது வாய் திறந்தார். "ஜிம் றீவ்ஸ் ஒண்டு வாசியன்."

ஜிம் றீவ்ஸை அறியாத எமது தலைமுறையினர் குறைவு. 1964இல் விமான விபத்தில் இறந்துபோன அந்த அமெரிக்கப் பாடகர், இலங்கையில் எத்தனையோ வீடுகளில் வானொலியிலும் ஒலிநாடாவிலும் வாழ்ந்துகொண்டிருந்தார். நத்தார் வந்தால் அவருடைய குரலும் வரும். இந்த வீட்டு அப்பப்பாவிடமும் அவருடைய இசைத்தட்டுகள் இருந்தனவாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அவை அலுமாரியிலேயே இருந்தன. பின்னர் போய்ப் பார்த்தபோது அலுமாரியும் இல்லை.

தகப்பனார் கேட்டது 'ஹீல் ஹாவ் டு கோ' என்ற பாட்டு, 1959இல் பதிவானது. தம்பி எம்மைப் பார்த்துச் சிரித்தார். "அதிலை ஸ்டீல் இல்லை, அப்பா."

"என்னடா கதை? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கேளுங்கோ."

கேட்டோம். உண்மைதான். அந்தக் காலத்தில் நாஷ்வில் நகரத் தயாரிப்பாளர்கள், செற் அட்கின்ஸ் போன்றோர், நகரத்துக் காதுகளுக்கும் பிடிக்க வேண்டுமென்று பல பாடல்களில் ஸ்டீல் கிற்றாரையும் நாட்டுப்புற வயலினையும் விலக்கிவிட்டு, மென்மையான பியானோவையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்தார்கள். இந்தப் பாட்டும் அப்படியானது. ஆகவே தம்பி பார்த்துப் பழகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. எங்கே வாசிப்பது, எங்கே சும்மா இருப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இதுவரை பழகியதன் சோதனை அதுதான்.

அவர் பாட்டை ஓடவிட்டார். முதல் நான்கு அடிகளுக்கும் கையை எடுக்கவேயில்லை. தகப்பனார் வாய்க்குள் பாடத் தொடங்கினார். ஓரிடத்தில் அடி முடிந்ததும் மூன்று சுரங்கள் மெல்ல வந்து மறைந்தன. பிறகு மீண்டும் மௌனம். பாட்டு முடியுமட்டும் எண்ணிப் பார்த்தோம். நான்கே நான்கு இடங்கள்.

தாயார் கேட்டார்: "இவ்வளவு நேரம் பழகிறாய், இவ்வளவுதானா வாசிக்கிறது?"

"அப்பா பாடினவரெல்லோ அம்மா," என்றார் தம்பி.

தகப்பனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பப் போடு," என்றார்.

பெற்றோர்களே, பிள்ளை எந்த வாத்தியத்தை எடுத்தாலும் அது எம்முடையதா பிறருடையதா என்று முதலில் அளக்காதீர்கள். இன்னொருவர் பாடும்போது காது கொடுக்கப் பழகுகிறதா என்று பாருங்கள். உங்களிடம் பழைய ஒலிநாடாவோ இசைத்தட்டோ தப்பி வந்திருந்தால் அதைப் பிள்ளையிடம் எடுத்துக் கொடுங்கள். ஒன்றும் தப்பவில்லையென்றால், ஞாபகத்தில் உள்ள பாட்டைப் பாடிக் காட்டுங்கள்.

நாம் புறப்படும்போது தாயார் கீழே இறங்கிப் போனார். சிறிது நேரத்தில் அவர் பாடும் குரல் கேட்டது, தேவாரம். ஸ்டீல் இன்னும் தொடங்கவில்லை. தம்பி கேட்டுக்கொண்டிருந்தார் போலும்.