நிறுத்தி வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு பேட்டரி சார்ஜர்: இணைப்பது எப்படி, கவனம் எங்கே தேவை?

ஜொகூர்பாரு - வாரம் முழுவதும் சிங்கப்பூரில் வேலை, வீட்டு போர்ச்சில் துணி போர்த்திய கார். ஜொகூரில் பல தாமான்களில் காணும் காட்சி இது. வேலைக்குச் செல்ல மோட்டார் சைக்கிளோ பேருந்தோ போதும். ஆண்டுக்கணக்கில் சேமித்து வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும். ஆனால் அந்த ஞாயிறு வரும்போது சாவியைத் திருகினால் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கும். குற்றவாளி பெரும்பாலும் எஞ்சின் அல்ல. 12 வோல்ட் பேட்டரிதான்.

இதைத் தடுக்க எளிய வழி, கார் நிற்கும் நாட்களில் நல்ல சார்ஜர் ஒன்றை இணைத்து வைப்பது. வேலை சிறியது. ஆனால் முறை தவறினால் காரின் மின்னணுக் கருவிகள் பழுதாகலாம், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து நேரலாம்.

எல்லை மூடியபோது கிடைத்த பாடம்

கோவிட்-19 காரணமாக 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. தினமும் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்றவர்கள் ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பலர் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டனர். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. உரிமையாளர் அக்கரையிலும் கார் இக்கரையிலுமாகப் பிரிந்து கிடந்தால், எந்த 12 வோல்ட் பேட்டரியும் அத்தனை காலம் தாங்காது. ஏன் என்பதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும்.

நிற்கும் காரும் மின்சாரம் குடிக்கும்

கார் அணைந்திருந்தாலும் திருட்டு எச்சரிக்கை மணி, சாவியைத் தேடும் கருவி, கடிகாரம், கணினிப் பெட்டியின் நினைவகம் ஆகியவை விழித்தே இருக்கும். நல்ல நிலையிலுள்ள காரில் இவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பொது அளவு.

50 மில்லிஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி 19 நாளில் பாதியாகிவிடும். நிறுத்தத்திலும் பதிவு செய்யும் டேஷ்கேம் கூடுதலாக இருந்து, மொத்தம் 250 மில்லிஆம்பியர் போனால், நான்கே நாளில் பாதி காலி.

பேட்டரி எதனுடனும் இணைக்கப்படாமல் இருந்தாலும் தானாகவே சற்று இறங்கும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது இந்த இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை வேதியியல் மாறவில்லை. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கடினப் படிகமாகி, தகட்டின் பரப்பை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. காலியாகக் கிடந்த பேட்டரி ‘செத்துப் போவதன்’ காரணம் இதுதான்.

தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால் போதாதா?

பலர் செய்வது இதைத்தான். ஆனால் இறங்கிய பேட்டரியை ஐந்து நிமிடம் நிரப்பாது. கடைசிப் பகுதி நிரம்பவே பல மணி நேரம் தேவை. அதோடு எஞ்சின் சரியாகச் சூடாகாமல் அணைவதால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுவது இதைவிட நல்லது. அதற்கும் வழியில்லை என்றால் சார்ஜர்தான் சரி.

முதலில் பேட்டரியைத் தேடுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையைச் சமன்செய்ய பேட்டரியை எஞ்சின் பகுதியிலிருந்து தள்ளி வைப்பது வழக்கம். 1989-இல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் அது பின்பெட்டியில் இருந்தது. பேட்டரியில் உருவாகும் வாயு வெளியேற அங்கே சிறு குழாய்கள் உண்டு. மாற்று பேட்டரி போடும்போது இந்தக் குழாயை மறந்துவிட்டால் வாயு பெட்டிக்குள்ளேயே தங்கும்.

போர்ஷே 911 காரில் பேட்டரி முன்மூடிக்கு அடியில். 2004-இல் வந்த 997 தலைமுறையில் அந்த மூடி மின்பூட்டால் திறப்பது. பேட்டரி முழுதும் இறங்கினால் மூடியும் திறக்காது. அதற்காகவே ஓட்டுநர் பக்க ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய நேர்முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். வெளி பேட்டரி ஒன்றின் மூலம் அங்கே சற்று மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும். திறந்த பின் சார்ஜரை உரிய முனைகளில் மாட்ட வேண்டும். ஃபியூஸ் பெட்டி வழியாகவே சார்ஜ் செய்யக்கூடாது.

அடுத்து, பேட்டரியின் வகை. சாதாரண ஈரவகை, கண்ணாடி இழைப் பாயில் அமிலம் உறிஞ்சப்பட்ட ஏஜிஎம் வகை, லித்தியம் வகை என மூன்று உண்டு. போர்ஷே 2009-இலேயே 911 ஜிடி3, பாக்ஸ்டர் ஸ்பைடர் போன்ற கார்களுக்கு லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாக அறிவித்தது. அது சாதாரண பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் எடை குறைவு. லித்தியம் பேட்டரிக்கு அதற்கென முறை உள்ள சார்ஜர் கட்டாயம். சல்பேட்டை உடைக்க உயர் அழுத்தம் கொடுக்கும் முறையை அதில் பயன்படுத்தக்கூடாது. பேட்டரி மேல் ஒட்டிய லேபிளும் காரின் கையேடும் வகையைச் சொல்லிவிடும்.

வோல்ட் அளவு என்ன சொல்கிறது?

கார் அணைந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கால் பங்குதான். 11.8-க்குக் கீழே காலி எனக் கொள்ளலாம். 12.4-க்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

எந்த சார்ஜர்?

பழைய வகை சார்ஜர் பேட்டரி நிறைந்த பின்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில் இணைத்து வைக்க அது உதவாது. இன்றைய தானியங்கி சார்ஜர் முதலில் முழு வேகத்தில் நிரப்பும். 14.4 முதல் 14.8 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டத்தைக் குறைக்கும். நிறைந்த பின் 13.5 வோல்ட்டை ஒட்டிய தாங்கு நிலைக்கு இறங்கிவிடும்.

ஆம்பியர் அளவுக்கு எளிய விதி உண்டு: பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 45 ஆம்பியர்-மணிக்கு 4 அல்லது 5 ஆம்பியர் சார்ஜர். வெறும் பராமரிப்புக்கு 1 ஆம்பியரே போதும். மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். காலியான 45 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும். ஒரு வெள்ளிகூட ஆகாது. வாங்கும்போது சிரிம் முத்திரை, நம் மூன்று முனை பிளக் இரண்டையும் பாருங்கள்.

இணைக்கும் வரிசை

1. மோதிரம், கைக்காப்பு, தொங்கும் தங்கச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். நேர்முனையையும் காரின் உலோகத்தையும் ஒரு மோதிரம் சேர்த்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். விரல் கருகிவிடும்.

2. காரை அணைத்து, சாவியைத் தூரத்தில் வையுங்கள். போர்ச்சில் காற்றோட்டம் இருக்க வேண்டும். மூடிய அறையில் செய்ய வேண்டாம்.

3. பேட்டரியைக் கண்ணால் பாருங்கள். உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ சார்ஜ் செய்யாதீர்கள். பட்டறையை அழையுங்கள்.

4. சார்ஜரில் 12 வோல்ட்டையும் பேட்டரி வகையையும் தேர்ந்தெடுங்கள். சுவர் பிளக்கை இன்னும் செருக வேண்டாம்.

5. சிவப்புக் கவ்வியை நேர்முனையில் மாட்டுங்கள்.

6. கறுப்புக் கவ்வியை, கையேடு காட்டும் தரை முனையிலோ, பேட்டரியிலிருந்து தள்ளியிருக்கும் வண்ணம் பூசாத தடித்த உலோகத்திலோ மாட்டுங்கள். எரிபொருள் குழாய்க்கு அருகில் வேண்டாம்.

7. கடைசியாகச் சுவர் பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். கம்பி மேல் மூடி அழுத்தாதபடி பாருங்கள்.

கழற்றும்போது தலைகீழ் வரிசை: முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கை எடுங்கள், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. சில மணி நேரம் விட்டு மீண்டும் வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.6-ஐ எட்டாத, அல்லது ஓரிரு நாளில் மீண்டும் விழும் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது எனப் பொருள்.

கறுப்புக் கவ்வி ஏன் தள்ளி இருக்க வேண்டும்?

இதற்கு இரண்டு காரணங்கள். சார்ஜ் ஆகும் ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். பேட்டரி உடைந்தால் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும். கவ்வியை மாட்டும்போது வரும் சிறு பொறி பேட்டரிக்கு அருகில் நிகழக்கூடாது என்பதே முதல் காரணம்.

இரண்டாவது, புதிய கார்கள் பலவற்றில் எதிர்முனையில் ஓர் உணரி உண்டு. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அதுதான் எண்ணுகிறது. கவ்வியை எதிர்முனையிலேயே மாட்டினால் சார்ஜ் ஆன கணக்கு உணரிக்குத் தெரியாது. பேட்டரி நிறைந்திருந்தும் கார் ‘குறைவு’ எனக் காட்டக்கூடும்.

நம் வீடுகளுக்குச் சில எச்சரிக்கைகள்

சரஸ்வதி பூசை நாளில் வண்டிக்குப் பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். பழம் காத்திருக்க வண்டி கிளம்பாத சங்கடம் வரக்கூடாது என்று பலர் முதல்நாள் இரவு சார்ஜ் போடுவர். நல்லதுதான். ஆனால் பூசைக்கு முன்பே சார்ஜரைக் கழற்றி, மூடியைச் சிறிது நேரம் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். சார்ஜ் ஆகும் காருக்கு அருகில் கற்பூரமும் ஊதுபத்தியும் சிகரெட்டும் கூடவே கூடாது.

அமிலம் கண்ணில் பட்டால் தேய்க்க வேண்டாம். ஓடும் குழாய் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கழுவுவதை விட்டுவிட்டு முதலில் காரில் ஏறிப் புறப்படுவது தவறு. அந்த நிமிடங்களில்தான் பார்வை போகும். சிறு பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் சார்ஜ் போடாமல் இருப்பது நல்லது.

சார்ஜரைத் தரையில் வைக்காதீர்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். போர்ச்சில் கணுக்கால் அளவு நீர் ஏறினாலும் தரையில் கிடக்கும் சார்ஜர் உயிருக்கு உலை வைக்கும். இடி மின்னல் வேளையில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நீண்ட பயணம் செல்வோர், வீட்டில் கவனிக்க ஆள் இல்லையென்றால் சார்ஜரை இணைத்துவிட்டுப் போக வேண்டாம்.

அடுக்குமாடியில் பிளக் இல்லையே?

மாடியிலிருந்து கம்பி இறக்குவது ஆபத்து, நிர்வாகமும் அனுமதிக்காது. டேஷ்கேமை அணைத்து வைப்பது முதல் படி. பழைய மாடல் என்றால் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். ஆனால் ரேடியோ குறியீடு, கண்ணாடி அமைப்பு ஆகியவை அழியக்கூடும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கார் ஓட்ட நம்பிக்கையான உறவினரிடம் சாவியைக் கொடுப்பது இன்னொரு வழி. அவர் பெயருக்கும் காப்புறுதி செல்லுபடியாகுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்த பேட்டரியை எங்கே போடுவது?

குப்பைத் தொட்டியிலும் வடிகாலிலும் அல்ல. பழைய ஈய-அமில பேட்டரி, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மலேசியாவில் அட்டவணையிடப்பட்ட கழிவு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர், 100-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. யாரோ சிலர் கொட்டியதற்குப் பிள்ளைகள் மூச்சுத் திணறிய ஊர் இது. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதிலுள்ள ஈயத்துக்கு மதிப்பு இருப்பதால் பல கடைகள் விலையையும் சற்றுக் குறைத்துத் தரும்.

மொத்தத்தில், கார் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் முதல்நாளே சார்ஜரை இணையுங்கள். இறங்கிய பேட்டரியை மீட்பதைவிட, இறங்காமல் காப்பதே மலிவு.